என் விண்ணப்பத்தில் வந்த வெள்ளம்

நீங்கள் மூன்று பேரும் கொடுத்துவிட்டுப் போன ஆசிரியர் வேலை விண்ணப்பங்கள் நான்கு நாளாக என் மேசைமேல் கிடக்கின்றன. "பார்த்துத் திருத்திக் கொடுங்க சார், திங்கட்கிழமை தபால்ல போடணும்" என்றீர்கள். திருத்தவில்லை. பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன், எழுந்து வாசல்வரை நடக்கிறேன், திரும்பி வந்து உட்கார்கிறேன். "தாளுக்குள்ள தேளா இருக்கு? ஏன்ப்பா இப்படி நடக்கறீங்க?" என்று என் மூத்த மகளே கேட்டுவிட்டாள்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒருவருக்கு அர்ப்பணிப்பே மூச்சு. இன்னொருவர் சோதனைகளையெல்லாம் சாதனைகளாக மாற்றியிருக்கிறார். மூன்றாமவர் வகுப்பறையை நந்தவனம் ஆக்கிவிட்டார். பெயரை மட்டும் கையால் மறைத்துவிட்டால், எது யாருடையது என்று உங்களைப் பெற்ற தாய்க்கும் தெரியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைவிட மோசமான ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லாமல் உங்கள் தாளில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சிகாமட் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் வாத்தியார். பெயருக்குத்தான் வாத்தியார். விடியும் முன்பே ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கங்காணிக்குத் துணை நிற்க வேண்டும். பிறகு ஆபீசில் தலைமை எழுத்தரான பெரிய கிராணிக்கு எடுபிடி. அவர் "போப்பா, போயி ஒம் புள்ளைங்களப் பாரு" என்று விரட்டிய பிறகுதான் பள்ளிக்கூடம். அதுவரை மூத்த பையன் ஒருவன் அட்டையைப் பார்த்து எழுத்துகளைக் கத்துவான், மற்றவர்கள் கூடவே கத்துவார்கள். சத்தம் கேட்டால் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று அர்த்தம். துரையும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஐந்து வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

எங்கள் முதல் பிள்ளை அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில்தான் பிறந்தான். அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான், ஒரு வயது நிறையவில்லை. அந்த லயம் சதுப்பை ஒட்டியிருந்தது. சாயங்காலமானால் கொசு, மழை பெய்தால் வாசலில் தண்ணீர். என் மனைவி செல்லம்மா மறுபடியும் உண்டாகி ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னாள்: "இந்த லயத்துல இன்னொரு புள்ள பெக்க மாட்டேன். நீங்க எங்கயாவது பாருங்க. இல்லாட்டி நானே எங்கயாவது நடந்து போயிடுவேன்." அவள் சொன்னால் செய்கிறவள்.

அந்த வாரமே செய்தி வந்தது. கூலாய்ப் பக்கம் ஒரு பெரிய தோட்டத்தில் வாத்தியார் தேவை. பள்ளிக்கென்றே தனிக் கட்டடம். வாத்தியாருக்கு மேட்டு நிலத்தில் ஓட்டுக் கூரை போட்ட வீடு, இரண்டு அறை, குழாய்த் தண்ணீர். விண்ணப்பம் இங்கிலீஷில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஸ்டேஷன் பலகையைப் படிக்கவும் கையெழுத்துப் போடவும்தான் போதும். அந்தக் காலத்தில் எங்களில் பாதிப்பேர் அப்படித்தான். நாங்கள் என்ன கேட்டு எழுதியிருக்கிறோம் என்பது எங்களுக்கே தெரியாது. எழுதித் தருகிறவருக்குத்தான் தெரியும்.

சிகாமட் ஸ்டேஷன் பக்கத்துக் கடை வரிசையில், அஞ்சடி நடைபாதையில் மேசை போட்டு, டைப்ரைட்டரோடு ஒரு மனுக்காரர் உட்கார்ந்திருப்பார். நிலத்தகராறு, பிறப்புச் சீட்டு, தோட்டத்து வேலை எல்லாவற்றுக்கும் அவர்தான். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தன வருஷ சர்வீசு?"

"அஞ்சு."

"என்ன செஞ்சிருக்கீங்க?"

"பிள்ளைங்களுக்குப் படிப்பு சொல்லிக் குடுக்கறேன்."

"அதத்தான் எல்லாரும் செய்யறாங்க. துரை தாளக் கையில எடுத்தா கீழ வைக்கக் கூடாது. பெருசா ஏதாச்சும் செஞ்சீங்களா?"

யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவர் சிரித்தார். "கவலைய விடுங்க லா. நான் பாத்துக்கறேன்." டைப்ரைட்டர் படபடவென்று ஓடியது. பக்கம் நிறைந்து வழிந்ததைப் பார்த்து எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அசலை அவரே தபாலில் சேர்த்தார். நகலை ஒரு பழுப்பு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

பத்து நாளில் நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. செல்லம்மா அன்றைக்கே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். "இன்னும் குடுக்கலம்மா, பாக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்றேன். "குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு மேலும் ஒரு முடிச்சுப் போட்டாள்.

ரயிலில் மூன்றாம் வகுப்பு. சன்னலோரம் எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, தோள் தொங்கும் கறுப்புக் கோட்டு. யாரிடமோ இரவல் வாங்கியது என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் கையிலும் அதே பழுப்பு உறை. என் உறையைப் பார்த்து அவர் முதலில் புன்னகைத்தார்.

"தம்பி கூலாய்க்கா?"

"ஆமாங்கண்ணே."

"வாத்தியார் வேலைக்குத்தான?"

"நீங்களும்தானா?"

போட்டிக்காரர். இருந்தாலும் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் வாத்தியாராம். சின்ன வயதில் மிஷன் பள்ளியில் படித்ததால் இங்கிலீஷ் படிக்கத் தெரியும், தானாக எழுதத்தான் பயம் என்றார். லாபிஸ் தாண்டியதும் பொழுது போகாமல் உறையைப் பிரித்துத் தன் நகலைப் படிக்கத் தொடங்கினார். படிக்கப் படிக்க அவர் முகம் கோணிக்கொண்டே போயிற்று.

"ஐயோ, என்ன மனுஷன் இவரு! நான் படகு வச்சிருந்தேனாம். நாப்பது பிள்ளைங்களக் காப்பாத்தினேனாம். ஆத்துல முதலையாம்!"

என்ன நடந்தது என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். முந்தின ஆண்டுக் கடைசி மழையில் ஆறு கரை மீறிய காலை. பெற்றோர் எல்லாரும் தூரத்து ரப்பர் காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இவரிடம். தண்ணீர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டவர், வாசலில் நின்று பிள்ளைகளிடம், "நான் வந்து சொல்ற வரைக்கும் யாரும் எடத்த விட்டு அசையக் கூடாது" என்று அதட்டிவிட்டுப் போனார். திரும்பி ஓடி வருவதற்குள் தண்ணீர் முழங்கால்வரை வந்துவிட்டது. "எல்லாரும் ஓடுங்க, மேட்டுக்கு!" என்று கத்தி, கையில் அகப்பட்டவர்களை இழுத்துக்கொண்டு, ரப்பர் காயவைக்கும் புகைக்கூடம் இருந்த மேட்டுக்கு ஏறினார். அங்கே நின்று, பதிவேடு இல்லாமல், மனப்பாடமாகப் பேர் கூப்பிட்டார். இருபத்துமூன்று பேரில் ஒருத்தி மட்டும் பதில் சொல்லவில்லை.

"திரும்பிப் போனேன் தம்பி. இடுப்பளவு தண்ணி. பள்ளிக்கூடக் கொட்டாய்க்குள்ள கடைசி பெஞ்சுமேல சம்மணம் போட்டு ஒக்காந்திருக்கு. தண்ணி பெஞ்சத் தொடுது. எனக்கு அழுகையே வந்திருச்சு. ஏம்மா ஓடி வரலன்னு கேட்டேன். 'நீங்கதானே சார் அசையக் கூடாதுன்னீங்க'ங்குது. எல்லாரும் கத்தின கத்துல நான் ஓடச்சொன்னது அதுக்குக் கேக்கல."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மனுக்காரர்கிட்ட ஏதோ பேச்சுவாக்குல சொன்னேன். இதுல பெரும என்ன இருக்கு? என் தப்ப நான் சரி பண்ணிக்கிட்டேன். அவ்வளவுதான்."

என் உறையைப் பிரித்து அவரிடம் நீட்டினேன். "அண்ணே, எனக்கு என்ன எழுதியிருக்காருன்னு கொஞ்சம் பாருங்க."

படித்தார். தன் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து மறுபடியும் படித்தார்.

"தம்பி, ஒங்க தாள்லயும் அதே வெள்ளம் வந்திருக்கு."

"அதே படகா?"

"அதே படகுதான். முதலகூட இருக்கு."

இருவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் என் தாளை மடித்து உறைக்குள் திணித்தேன். எங்கள் தோட்டம் ஆற்றுக்கு வெகு தூரத்தில் இருந்ததால் அந்த வெள்ளத்தை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ரயில் ஓடவில்லை, அரிசி வரவில்லை, எனக்குத் தெரிந்த வெள்ளம் அவ்வளவுதான். அவர் மெதுவாகச் சொன்னார்: "கேட்டாங்கன்னா உள்ளதச் சொல்லிடலாம். ஒங்களுக்கு வேற ஏதாச்சும் நல்லது இல்லாமலா போகும்?" நான் தலையாட்டினேன். குளுவாங்கில் இறங்கி நடைமேடையில் நடந்தேன். மறுபடி ஏறி உட்கார்ந்தேன், எழுந்தேன், கதவோரம் போய் நின்றேன். வேறு நல்லது எது என்று ரெங்கம் வரைக்கும் தேடினேன். ஐந்து வருஷத்தில் ஒன்றுகூடக் கையில் சிக்கவில்லை. சாக்கில் கட்டிய பாத்திரங்கள்தான் கண்ணில் நின்றன.

கூலாய்த் தோட்டத்து ஆபீஸ் பலகைக் கட்டடம். உள்ளே பேசினால் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு முழுக்கக் கேட்கும். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். துரை பல வருஷம் தோட்டத்தில் பழகித் தமிழ் பேசுகிறவர். பக்கத்தில் பெரிய கிராணி. துரை என் தாளை எடுத்து, விரலை நேராக அந்தப் பத்தியில் வைத்தார்.

"இது நீ செஞ்சது?"

இரண்டு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். 'இல்லைங்க துரை.' நாக்கு நுனிவரை வந்தது. அப்போது சன்னலுக்கு வெளியே, மேட்டில், அந்த ஓட்டு வீடு தெரிந்தது. வாசலில் குழாய்கூட இருந்தது.

"ஆமாங்க துரை."

"சொல்லு."

சொன்னேன். படகையும் முதலையையும் விட்டுவிட்டேன், அந்த அளவுக்குப் புத்திசாலித்தனம் இருந்தது. ரயிலில் கேட்டதைச் சொன்னேன். புகைக்கூடம், மனப்பாடமாகப் பேர் கூப்பிட்டது, பதில் வராத ஒரு பிள்ளை, இடுப்பளவு தண்ணீர், கடைசி பெஞ்சு. துரை நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். கிராணி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எனக்கே நான் அந்தத் தண்ணீரில் நடந்ததுபோல் இருந்தது. பொய்க்கு அப்படி ஒரு வசதி உண்டு, சொல்லச் சொல்லச் சொல்கிறவனும் நம்பத் தொடங்கிவிடுவான்.

"பிள்ள பேர் என்ன?"

அவரிடம் கேட்டு வைக்கவில்லை. "ராமாயி" என்றேன், வாயில் வந்ததை.

"எல்லாரும் ஓடினாங்க. அது ஏன் ஓடல?"

அங்கேதான் அகப்பட்டேன். உண்மையைச் சொன்னால், அசையாதே என்று சொல்லிவிட்டுப் போன வாத்தியாரின் தவறு வெளியே வரும். தவறு என்னுடையதாகிவிடும். புகழ் வேண்டும், தவறு வேண்டாம்.

"தூங்கிப் போச்சுங்க துரை."

துரை தலையை ஆட்டினார். "வெளிய இரு" என்றார். அவர் குரலில் வேலை கிடைத்துவிட்டது.

வெளியே வந்தேன். கறுப்புக் கோட்டு அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, சப்பாத்தில் ஒட்டிய செம்மண்ணைக் காகிதத்தால் துடைத்துக்கொண்டிருந்தார். பேர் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனார். போகும்போது என் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

துரையின் குரல் உயர்ந்தது. "இங்கயும் வெள்ளம்! நீயும் அவனும் ஒரே ஸ்கூலா?"

"இல்லங்க துரை."

"அப்ப யார் பொய்?"

கோட்டுக்கார அண்ணன் குரல் கேட்டது. "அது மனு எழுதினவரு சேத்ததுங்க துரை. படகும் இல்ல, முதலையும் இல்ல. பேனா குடுத்தீங்கன்னா நானே அந்தப் பத்திய அடிச்சிடறேன்."

"நீ என்னதான் செஞ்ச?"

"பிள்ளைங்களுக்குப் படிப்பு சொல்லிக் குடுத்தேங்க துரை."

எனக்குக் கால் தரிக்கவில்லை. தோட்டத்துக் கேட்டுவரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி கேட்டுவரை போனேன். போய்விடு, வாயை மூடிக்கொண்டு ரயிலேறு என்று ஒரு மனம். அவரே விட்டுக்கொடுத்த பிறகு உனக்கென்ன என்று அதே மனம் வேறு வேஷத்தில் வந்து கேட்டது. பெற்ற ஒரு பிள்ளையையும் புதைத்தவளுக்கு என்ன பதில் என்றும் கேட்டது. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பெஞ்சுமேல் சம்மணமிட்டிருந்த அந்தப் பெண்ணுக்கு மட்டும் பதில் இல்லை. நான் அவளைத் தூங்கவைத்துவிட்டேன்.

கூப்பிடாமலே உள்ளே போனேன். மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அவ தூங்கலங்க துரை" என்றேன்.

"என்ன?"

"அந்தப் பிள்ள தூங்கல. வாத்தியார் அசையாதேன்னு சொன்னாரு. அதனால ஒக்காந்திருந்துச்சு. அந்த வாத்தியார் இவருதான். இன்னிக்குக் காலையில ரயில்ல இவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அந்த வெள்ளத்தப் பாத்ததே இல்ல."

துரையின் முகம் சிவந்தது. "ஒனக்கு வேல வேணாமா?"

"வேணும் துரை. ரொம்ப வேணும்."

"அப்ப ஏன் வந்து சொல்ற?"

துரை என் தாளை இரண்டு விரலால் மேசையின் இந்த ஓரத்துக்குத் தள்ளினார். "எடுத்துக்கோ. போ." உண்மையைச் சொன்னதற்காக அவர் என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. கதைகளில்தான் அப்படி நடக்கும். தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது உள்ளே அவர் கோட்டுக்காரரிடம் கேட்பது காதில் விழுந்தது: "அந்தப் பிள்ளைக்கு நீ அப்பறம் என்ன சொன்ன?" அவர் ஏதோ தாழ்ந்த குரலில் பதில் சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை. வேலை அவருக்குத்தான் கிடைத்தது.

திரும்பும் ரயிலிலும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் தலை நிமிரவில்லை. அவர் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்க. வெறும் வயித்தோட வருத்தப்படக் கூடாது."

"எப்படிண்ணே விட்டுக் குடுத்தீங்க?"

"விட்டுக் குடுக்கல தம்பி. அத என்னோட சாதனைன்னு சொல்லிக்கிற தைரியம் எனக்கு வரல. நீங்க சொன்னப்ப நல்லாத்தான் இருந்திச்சு. 'தூங்கிப் போச்சு'ன்னீங்க பாருங்க, அதுதான் மனசுக்குச் செரிக்கல." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "ஒங்களுக்கு இந்த வேல ஏன் இவ்வளவு அவசரம்?" சொன்னேன். லயத்தைச் சொன்னேன், காய்ச்சலைச் சொன்னேன், ஏழாம் மாதத்தைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து செல்லம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போய்த்தான் அந்தப் பாடு பட்டிருந்தேன். வேலை போயிற்று என்றதும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"தூங்கிப் போச்சுன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"வாத்தியார் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, தண்ணிக்குள்ள ஒக்காந்திருந்த புள்ளைய, தூங்குமூஞ்சின்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க." "அது பேரு என்னா?"

"கேக்கல."

"கேக்கவே இல்லையா?"

அவள் பார்த்த பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. எழுந்து போய்ச் சாக்கை அவிழ்த்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

மறுநாள் பெரிய கிராணி விரட்டும்வரை நான் காத்திருக்கவில்லை. "ஐயா, இனிமே பெரட்டு முடிஞ்சா நான் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவேன்" என்றேன். என்னடா இது என்று பார்த்தார், திட்டினார், பிறகு விட்டுவிட்டார். பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, என் பிள்ளைகளின் பெயரை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தேன். பத்தொன்பது பேர். பதினொன்றில் நின்றுவிட்டேன். எட்டுப் பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷ சர்வீஸ் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனிதன் நான்.

அடுத்த மாதம் கூலாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தமிழில், திருத்தமான கையெழுத்தில். 'வீட்டில் இரண்டு அறை. எங்களுக்கு ஒன்று போதும். என் வீட்டுக்காரிக்கு நான்கு பிள்ளை பெற்ற அனுபவம் உண்டு. தங்கச்சியை அனுப்பிவையுங்கள். பிள்ளைக்குக் கழுத்து நிற்கும்வரை இங்கேயே இருக்கட்டும்.' செல்லம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், ஒரு முறை முழுக்கப் பார்த்தாள். பிறகு மறுபடியும் சாக்கை எடுத்தாள்.

நான் பொய் சொல்லிப் பிடிக்கப் பார்த்த அதே வீட்டில், அதே ஓட்டுக் கூரையின் கீழ், எங்களுக்குப் பெண் பிறந்தாள். தந்தி கிடைத்து ஓடினேன். அவரே வாசலில் நின்று, குழாயில் கால் கழுவத் தண்ணீர் திறந்துவிட்டார். உள்ளே பிள்ளையைத் துணியில் சுற்றிச் செல்லம்மா மடியில் வைத்திருந்தாள்.

"பேரு வச்சாச்சு" என்றாள்.

"என்னக் கேக்காமலா?"

"அஞ்சல."

எங்கள் இரண்டு குடும்பத்திலும் அப்படி ஒரு பெயர் கிடையாது. "யாரு பேரு இது?" என்றேன். செல்லம்மா வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே நின்ற கோட்டுக்காரர், கோட்டு இல்லாமல் வெறும் பனியனோடு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பெஞ்சுமேல ஒக்காந்திருந்த புள்ள" என்றாள் செல்லம்மா. "நீங்க கேக்கல. நான் கேட்டேன்."

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நான் எங்கும் விண்ணப்பம் போடவில்லை. போட எதுவும் இல்லை. பிள்ளைக்குக் கழுத்து நின்றபிறகு செல்லம்மா கூலாயிலிருந்து திரும்பி வந்தாள். லயத்து வாசல் சதுப்பில் நானே மண் கொட்டி மேடாக்கினேன். அடுத்த விண்ணப்பத்தை மனுக்காரரிடம் கொண்டுபோகவில்லை. தமிழில் நான்கு வரி எழுதி, கோட்டுக்கார அண்ணனிடம் அனுப்பி, உள்ளபடியே இங்கிலீஷில் மாற்றித்தரச் சொன்னேன். அந்த நான்கு வரி இதுதான்: என் பள்ளியில் இருபத்தொரு பிள்ளைகள், பெயர்களைப் பார்க்காமல் சொல்வேன். பதினான்கு பேர் தங்கள் வீட்டுக் கடிதத்தைத் தாங்களே படிக்கிறார்கள். மாரிமுத்து என்ற பையனுக்கு இரண்டு வருஷமாக எழுத்து ஏறவில்லை, என்ன காரணம் என்று இன்னும் தெரியவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன். முன்பு ஒருமுறை நான் செய்யாததைச் செய்ததாகச் சொன்னேன், அன்றே போய்த் திருத்தினேன். அந்த வேலைக்குக் கூப்பிட்ட துரை மற்ற வரிகளைக் கேட்கவே இல்லை. மாரிமுத்துவுக்கு என்னென்ன செய்து பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். நான் நிறுத்தாமல் பேசினேன். அங்கேதான் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தேன்.

தாளுக்குள் தேளா என்று கேட்ட என் மகள் அஞ்சலைதான். ஆமாம் என்று சொன்னேன்.

உங்கள் விண்ணப்பங்களைத் திருத்தாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். திங்கட்கிழமைத் தபால் போனால் போகட்டும், அடுத்த தபால் உண்டு. மொழியில் குறை இல்லை, ஒற்றுகூட எங்கும் விடவில்லை. நான்கு நாளாக நான் அவற்றில் தேடிக்கொண்டிருந்தது ஒன்றைத்தான். மூன்று தாளையும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை.